ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும்: எங்கே கோளாறு?

விடியற்காலை:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் காபி போடுவதில் ஒரு சிக்கல். கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கூம்பு வடிவ டிரிப்பரில் பேப்பர் ஃபில்டர் வைத்து வடிக்கிறேன். பால், சர்க்கரை எதுவும் சேர்ப்பதில்லை. கொட்டையாக வாங்கி, காபி போடுவதற்குச் சற்று முன்புதான் அரைக்கிறேன். மிதமான வறுவல். பையில் வறுத்த தேதி பார்த்துத்தான் எடுப்பேன். 15 கிராம் தூளுக்கு 250 கிராம் தண்ணீர், இரண்டையும் டிஜிட்டல் தராசில் வைத்து அளக்கிறேன். கெட்டிலில் கொதி வந்ததும் எடுத்து ஊற்றிவிடுவேன்.

வாசனையில் குறையே இல்லை. அரைக்கும்போதே சமையலறை முழுக்க மணக்கிறது. குடித்தால்தான் மனசு கேட்கவில்லை. முதல் வாய் சுருக்கென்று புளிக்கிறது, நாக்கின் இரண்டு ஓரமும் கூசுகிறது. விழுங்கிய பிறகு பார்த்தால் கசப்பு. அந்தக் கசப்பு தொண்டையில் வெகுநேரம் நிற்கிறது.

படித்த இடத்திலெல்லாம் ஒரே யோசனைதான்: புளித்தால் இன்னும் நைசாக அரைக்கவும், கசந்தால் கொரகொரப்பாக அரைக்கவும். எனக்கு இரண்டும் சேர்ந்தே வருகிறதே, நான் எந்தப் பக்கம் போவது? நைசாக அரைத்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கிறது. கசப்பு ஏறுகிறது, புளிப்பு போகவில்லை. கொரகொரப்பாக விட்டால் இரண்டு நிமிடத்துக்குள் மொத்தமும் இறங்கிவிடுகிறது. சப்பென்று புளிக்கிறது, அப்போதும் கடைசியில் ஒரு கசப்பு.

தண்ணீரின் சூடு காரணமா, கொட்டையா, ஊற்றும் விதமா? கிரைண்டர், பிளேடு சுழல்கிற வகை. பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நைசும் கொரகொரப்பும். வீட்டிலேயே நல்ல காபி குடிக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. எங்கே கை வைப்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் போதும், அங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

---

அரவை:

நீங்கள் கடைசியில் சொன்ன கிரைண்டரிலிருந்து ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் நன்றாகவே செய்கிறீர்கள். 15க்கு 250 என்பது லிட்டருக்கு 60 கிராம். வடித்துக் குடிக்கிற காபிக்கு அருமையான அளவு, அதை மாற்றவே வேண்டாம்.

காபி கிரைண்டர் பழுது பார்ப்பது என் தொழில். காபிக் கடையில் நிற்கும் பெரிய இயந்திரம் முதல் கையால் சுற்றும் சின்னது வரை வரும். மேசைக்கு எது வந்தாலும் மோட்டாரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பிடி கொட்டையை அரைத்து, தூளைத்தான் பார்ப்பேன். என்ன கோளாறு என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். ஆகவே புளிப்பும் கசப்பும் ஒன்றாக வருகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் சந்தேகப்படுவது தூளைத்தான்.

காரணம் இது. வறுத்த கொட்டையின் எடையில் தண்ணீரில் கரையக்கூடியது சுமார் 30 சதவீதம். மீதி வெறும் நார். அந்த 30ல் எல்லாமே கோப்பைக்கு வர வேண்டியதில்லை. 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்பவர் இதை ஆராய்ந்து ஒரு வரைபடம் போட்டார். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கோப்பைக்கு வந்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்பது அதன் சாரம். இன்றைக்கும் அந்த வரைபடத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். முதலில் கரைந்து வருவது அமிலங்கள், அதனால் குறைவாகக் கரைந்தால் புளிப்பு. கொஞ்சம் தாமதித்து இனிப்பும் கனமும் சேரும். அதற்கும் மேலே இழுத்தால் கசப்பு, வாயை வறளவைக்கும் துவர்ப்பு.

ஆனால் அந்த 18, 22 எல்லாம் சராசரிக் கணக்கு. உங்கள் தூளில் பாதி 12 சதவீதத்தில் நின்று, மறு பாதி 28 வரை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 20 வந்துவிடும். கணக்குப்படி நல்ல காபி, நாக்குக்குப் புளித்துக் கசக்கும் காபி. முழு உருளைக்கிழங்கையும் துருவிய உருளைக்கிழங்கையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவைத்தால் ஒன்று குழைந்திருக்கும்போது இன்னொன்று உள்ளே பச்சையாக இருக்கும். அடுப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டையும் சேர்த்துச் சரி செய்ய முடியாது. நீங்கள் நைசாகவும் கொரகொரப்பாகவும் மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராததற்குக் காரணம் இதுதான்.

பிளேடு கிரைண்டரில் அரவை என்பதே கிடையாது. கொட்டையை அடித்து உடைக்கிறது, அவ்வளவுதான். எந்தத் துண்டு எவ்வளவு சிறிதாக வேண்டும் என்று தீர்மானிக்க அதில் எந்த ஏற்பாடும் இல்லை. பிளேடின் பாதையில் மாட்டிக்கொண்ட துண்டு திரும்பத் திரும்ப அடிபட்டுத் தூசியாகிவிடும். சுவரோரம் ஒதுங்கியது கால் கொட்டையாகவே தப்பித்துவிடும். பர் கிரைண்டரில் பல் வெட்டிய இரண்டு சக்கரங்கள் எதிரெதிரே இருக்கும். நடுவில் நாம் வைக்கிற இடைவெளியைவிடச் சிறியதாக ஆனால்தான் துண்டு வெளியே வர முடியும். அதிலும் தூசி வராமல் இருக்காது. வறுத்த கொட்டை நொறுங்கும் தன்மை கொண்டது, எங்கே உடைத்தாலும் கொஞ்சம் பொடி உதிரும். ஆனால் பெரிய துண்டு தப்பாது.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். நாளைக்கு அரைத்ததும் ஒரு சிட்டிகை தூளை வெள்ளைத்தாளில் போட்டு, விரலால் லேசாகப் பரப்பி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். பெரிய துண்டுகளுக்கு நிழல் விழும், சிலது கொட்டையின் வளைவு கூட மாறாமல் கிடக்கும். தாளைச் சாய்த்துத் தட்டினால் துண்டெல்லாம் உருண்டு போய்விடும். விரல் போன தடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு பூச்சு தாளோடு ஒட்டி நிற்கும். உங்கள் ஃபில்டரை அடைத்துத் தண்ணீரைத் தேக்குவது அந்தப் பூச்சுதான்.

அப்புறம் ஒரு சோதனை, இதை அவசியம் செய்யுங்கள். அரைத்ததைக் கண் நெருக்கமான சல்லடையில் சலியுங்கள். கீழே விழுந்ததில் 6 கிராம் ஒரு கோப்பையில், மேலே தங்கியதில் 6 கிராம் இன்னொன்றில். இரண்டிலும் 100 கிராம் வெந்நீர், நான்கு நிமிடம். தூள் அடியில் இறங்கியதும் ஸ்பூனால் மேலாக எடுத்து மாற்றி மாற்றி ருசி பாருங்கள். இப்போது ஒரே கோப்பையில் சண்டை போடுகிற இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

புது கிரைண்டர் வாங்கும் வரைக்கும் செய்யக்கூடியது: பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஒரு வினாடி, விடுங்கள், எடுத்து ஒரு குலுக்கு, மறுபடி ஒரு வினாடி. குலுக்கும்போது ஓரத்துத் துண்டுகள் பிளேடுக்கு வரும். பிறகு சலித்துத் தூசியை நீக்கிவிட்டு மீதியைப் போடுங்கள். கொஞ்சம் வீணாகும்தான். தூசியோடு குடிப்பதைவிட அது மேல்.

இன்னொரு வழி, டிரிப்பரைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு மாறுவது. தூளை வெந்நீரில் ஊறவைத்து, உலோக வலைத்தட்டால் தடுத்து ஊற்றுகிற ஜாடி அது. அங்கே தண்ணீர் தூள் வழியாக ஓடிப் போவதில்லை, கூடவே நிற்கிறது. ஆகவே பெரிய துண்டுக்கும் கரைய நேரம் கிடைக்கும், தூசி எதையும் அடைக்காது. 30 கிராமுக்கு 500 கிராம் கொதிநீர். நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் தூள் ஏட்டை ஸ்பூனால் கலைத்துவிடுங்கள், பெரும்பகுதி அடிக்குப் போய்விடும். மிச்ச நுரையை வழித்து எடுத்துவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். தூசி முழுக்கப் படிய அந்த நேரம் வேண்டும். வலைத்தட்டை அடிவரை அழுத்தாதீர்கள், படிந்ததெல்லாம் கலங்கி எழும். காபியின் மேல்மட்டத்தில் வைத்துக்கொண்டு மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். கடைசி வாயளவு உள்ளேயே இருக்கட்டும்.

சூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிதமான வறுவலுக்குக் கொதி வந்ததும் ஊற்றலாம், டிரிப்பரில் விழுந்து தூளோடு சேரும்போதே சில டிகிரி இறங்கிவிடும். கறுக்க வறுத்ததென்றால் மட்டும் 90 வாக்கில் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

---

தெளிநீர்:

அரவை அண்ணா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லையே. கோப்பையில் இருப்பதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான்.

விடியற்காலை, நீங்கள் எந்தத் தண்ணீர் பயன்படுத்துகிறீர்கள்? ஆர்ஓ இயந்திரத் தண்ணீர் என்றால் உங்கள் புளிப்பில் ஒரு பங்கு அதற்கும் இருக்கலாம். தண்ணீரில் பைகார்பனேட் என்று ஒன்று கரைந்திருக்கும், அது காபியின் அமிலத்தைக் கொஞ்சம் அடக்கிவைக்கும். ஆர்ஓவில் அது பெருமளவு போய்விடுகிறது. அடக்க ஆளில்லாமல் புளிப்பு கூராக எழும். நேர்மாறாக பைகார்பனேட் மிக அதிகமென்றால் நல்ல புளிப்பும் செத்து, மண்ணும் சாக்பீஸும் கலந்த மாதிரி மந்தமாகிவிடும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகச் செதில் கட்டுகிறதென்றால் உங்கள் தண்ணீர் அந்தப் பக்கம்.

மெக்னீசியமும் கால்சியமும் தனிக்கதை. கிறிஸ்டோபர் ஹெண்டன் என்ற வேதியியலாளரும் உடன் இருந்தவர்களும் 2014இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த இரண்டு அயனிகளும் காபியின் ருசிப்பொருள்களைப் பற்றிக்கொள்ளும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். உப்பே இல்லாத தண்ணீரில் நல்ல கொட்டையும் சோகையாக இருப்பதற்கு அதில் விளக்கம் கிடைக்கிறது. ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் வைத்திருந்த அளவு, லிட்டருக்குக் கரைந்த உப்பு 150 மில்லிகிராம், 75 முதல் 250 வரை இருக்கலாம். காரத்தன்மை, அதாவது பைகார்பனேட் தருகிற அந்த அமிலத்தை அடக்கும் தன்மை, 40 மில்லிகிராம் அளவில்.

வீட்டில் இதற்காக ஆய்வகம் எல்லாம் வைக்க வேண்டாம். ஆர்ஓ தண்ணீரையும் வடிகட்டிய குழாய்த் தண்ணீரையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, அதே தூளில் அடுத்தடுத்து இரண்டு கோப்பை போட்டுப் பாருங்கள். பாதிக்குப் பாதியில் தொடங்கலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கார்பன் வடிகட்டியில் விட்டு எடுங்கள், அந்த வாடை காபியின் வாசனையை நேராகக் கொன்றுவிடும்.

---

நிதானம்:

இரண்டு விஷயம்.

ஒன்று, பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு மாறச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுவது நல்லது. காபி எண்ணெயில் கஃபெஸ்டால் என்றொரு பொருள் இருக்கிறது. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லை அது உயர்த்தும். பேப்பர் ஃபில்டர் அதில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும், பிரஸ்ஸின் உலோக வலை பிடிக்காது. எப்போதாவது ஒரு கோப்பை என்றால் கவலையில்லை. தினமும் பல கோப்பை குடிப்பவர், கொலஸ்ட்ரால் தொந்தரவு உள்ளவர் என்றால் பிரஸ்ஸில் போட்டதையும் பேப்பர் வழியாக வடித்துக் குடிக்கலாம். ருசி தெளிவாகவே இருக்கும். பேப்பர் ஃபில்டர் வந்ததே கோப்பையிலிருந்து தூளையும் கசப்பையும் விலக்கத்தான். 1908இல் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத்தலைவி பித்தளைப் பாத்திரத்தின் அடியில் துளை போட்டு, மகனுடைய நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை வைத்து வடித்துப் பார்த்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

இரண்டு, புது கிரைண்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? கொட்டை விற்கிற இடத்திலேயே பெரிய இயந்திரத்தில் அரைத்து வாங்கிக்கொள்ளலாமே. அரைத்தால் மணம் போய்விடும் என்பார்கள். சரி, போகும்தான். ஆனால் சீராக அரைத்த நாலு நாள் பழைய தூளையும், சீரில்லாமல் அப்போதே அரைத்த தூளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் முதலாவதைத்தான் குடிப்பேன்.

ஊற்றும் முறையும் கேட்டிருந்தீர்கள். நான் செய்வதை எழுதுகிறேன், உங்கள் அளவுக்கே பொருந்தும். பேப்பரை வெந்நீரால் நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், தாள் வாடையும் போகும், டிரிப்பரும் சூடாகும். தூளைப் போட்டு மட்டமாகத் தட்டி, முதலில் 45 கிராம் தண்ணீர். தூள் பொங்கி எழும், வறுக்கும்போது உள்ளே சிக்கிய கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. அது இருக்கும் வரை தண்ணீரை உள்ளே விடாது. அதனால் 45 வினாடி பொறுங்கள். பிறகு நடுவிலிருந்து வட்டமாக 150 வரை, கொஞ்சம் இறங்கியதும் 250 வரை. ஊற்றி முடித்ததும் டிரிப்பரை ஒரு சுழற்று சுழற்றி விடுங்கள், ஓரத்தில் ஏறி ஒட்டிய தூள் கீழே வந்து மட்டமாகும். மூன்று, மூன்றரை நிமிடத்தில் வடிந்து முடிந்தால் நல்லது. கெட்டிலை உயரத் தூக்கி ஊற்றாதீர்கள். விழுகிற வேகத்தில் தூளில் குழி விழும், தண்ணீர் அந்தக் குழி வழியாகவே ஓடிவிடும்.

---

விடியற்காலை:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அரவை அண்ணா, நீங்கள் சொன்ன சல்லடைச் சோதனையைச் செய்தேன். சலித்ததும் கிரைண்டர் தூள் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி பிரிந்தது. கீழே விழுந்தது முகப்பவுடர் போல விரலில் அப்பிக்கொண்டது. மேலே நின்றதில் சிலவற்றைப் பல்லால் கடிக்கலாம், அவ்வளவு பெரிது.

ருசி நீங்கள் சொன்னபடியேதான். தூசிக் கோப்பை கறுப்பாக இருந்தது, கசந்தது, வாயெல்லாம் வறண்டு மேலண்ணம் இழுத்துக்கொண்டது. துண்டுக் கோப்பை நிறமே வெளிறியிருந்தது, பழத்தின் தோலைக் கடித்தமாதிரி வெறும் புளிப்பு. நான் தினமும் குடித்தது இந்த இரண்டையும் கலந்துதான் என்று நாக்கிலேயே தெரிந்துவிட்டது. தங்கை அருகில் நின்று பார்த்தாள், அவளுக்குக் காபியே பிடிக்காது, அவளாலும் எது எது என்று கண்ணை மூடிச் சொல்ல முடிந்தது.

நிறுத்தி நிறுத்தி அரைத்து, தூசியை நீக்கி டிரிப்பரில் வடித்ததில் காபி நன்றாகவே முன்னேறியிருக்கிறது. தண்ணீர் தேங்கவில்லை. கசப்பு பெரும்பாலும் போய்விட்டது, புளிப்பு கொஞ்சம் மிச்சம். தெளிநீர், எங்கள் வீட்டில் ஆர்ஓ தண்ணீர்தான். கலந்து பார்க்கிறேன்.

கையால் சுற்றுகிற பர் கிரைண்டர் ஒன்று வாங்கத் தீர்மானித்துவிட்டேன். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? பீங்கான் பர் நல்லதா, எஃகு நல்லதா? வாங்கிய பின் எப்படிப் பராமரிப்பது?

---

அரவை:

சோதனையைச் செய்துவிட்டு வந்து எழுதியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மேலண்ணம் இழுத்தது என்றீர்களே, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கசப்பை வறுவலும் தரும், கொட்டையும் தரும். அந்த வறண்ட இழுப்பு வந்தால் பெரும்பாலும் தூசியும் அடைப்பும்தான்.

முதலில் நிதானம் சொன்னதற்கு: உண்மை, பிளேடில் அரைப்பதைவிடக் கடையில் சீராக அரைத்து வாங்குவது மேல். என் வயிற்றுப்பிழைப்பே கிரைண்டர்தான், ஆனாலும் இதைத்தான் சொல்வேன். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஆனால் அதில் ஒரு கை கட்டிப்போனது மாதிரிதான். கொட்டை மாறினால் அரவையும் கொஞ்சம் மாற வேண்டும், அரைத்ததைத் திரும்ப மாற்ற முடியாது. இவர் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார், கிரைண்டர் கையில் இருக்கட்டும்.

கை கிரைண்டரில் நான் முதலில் பார்ப்பது ஆட்டம். உள்ளே இருக்கிற கூம்புப் பல்லை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டு கடகடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். தண்டு ஆடினால் இடைவெளி ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் குறுகும், சுற்றச் சுற்ற அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். பர் எவ்வளவு கூராக இருந்தாலும் பலனில்லை. டிரிப்பருக்கும் பிரஸ்ஸுக்கும் பர்ரைத் தளர்த்தி வைக்க வேண்டியிருக்கும், அந்த நிலையில்தான் ஆட்டம் அதிகமாகத் தெரியும். எனவே இறுக்கி வைத்துப் பார்க்காமல் தளர்த்தி வைத்துப் பாருங்கள். தண்டை மேலேயும் கீழேயும் இரண்டு இடத்தில் பால்பேரிங் பிடித்திருந்தால் நல்லது. வெறும் பிளாஸ்டிக் வளையம் பிடித்திருப்பது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பீங்கானா எஃகா என்பதைவிட இந்த ஆட்டம்தான் முக்கியம். இரண்டும் ஆடாமல் இருந்தால் எஃகை எடுங்கள். பல்லைக் கூராக வெட்டலாம், சுற்றவும் இலகு. பீங்கான் துரு பிடிக்காது, ஆனால் கொட்டையோடு ஒரு சிறுகல் வந்துவிட்டால் பல் சில்லுடைந்துவிடும். அப்படி உடைந்து என் மேசைக்கு வருவது உண்டு, ஒட்ட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

வாங்கியதும் பூஜ்யத்தைக் கண்டுபிடியுங்கள். காலியாக வைத்து, கைப்பிடி தானாகச் சுற்றாமல் நிற்கும் வரை மெல்ல இறுக்கவும். அந்த இடம்தான் பூஜ்யம், பலவந்தமாக அதற்கு மேல் போகக் கூடாது. அங்கிருந்து எத்தனை சொடக்கு (இடைவெளியை மாற்றும் திருகு ‘டக்’ என்று நகரும் ஒவ்வொரு படி) தளர்த்தினால் உங்கள் டிரிப்பர் மூன்று நிமிடத்தில் வடிகிறது என்று குறித்துவையுங்கள். கழற்றி மாட்டும்போதெல்லாம் அந்த எண் கைகொடுக்கும். சொடக்கை மாற்றும் நாளில் தண்ணீர், எடை, சூடு எதையும் மாற்றாதீர்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பராமரிப்பு எளிது. எஃகு பர்ரைத் தண்ணீரில் கழுவக் கூடாது, துரு ஏறும். வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, உலர்ந்த பிரஷ்ஷால் பல்லிடுக்கைத் துடைத்தால் போதும். கறுக்க வறுத்த கொட்டை அரைப்பவர்கள் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். எண்ணெய் பல்லில் படிந்து, நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், அது புதுத் தூளிலும் ஏறும். அரைக்கும்போது தூள் கிண்ணத்தில் ஒட்டிப் பறந்தால் அது நிலைமின்சாரம். ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்து, கொட்டையை ஒருமுறை கிளறிவிட்டு அரையுங்கள், அந்தத் துளி ஈரம் போதும். அதற்கு மேல் ஈரம் வேண்டாம்.

மிச்சமிருக்கும் புளிப்புக்கு: தெளிநீர் சொன்ன தண்ணீரை இப்போதே, இதே பழைய கிரைண்டரில் முயன்றுவிடுங்கள். புதிது வந்த பிறகு இரண்டும் கலந்துபோகும். தண்ணீரால் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கிரைண்டரை மாட்டுங்கள். வாங்கும்முன் சந்தேகமிருந்தால் தண்டும் பர்ரும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

---

விடியற்காலை:

சரி அண்ணா, முதலில் தண்ணீர், பிறகு கிரைண்டர். இன்று காலை ஆர்ஓவும் குழாய்த் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து போட்டேன். நாக்கோரக் கூச்சம் குறைந்திருக்கிறது, ஆறிய பிறகு லேசாக ஒரு இனிப்பும் தெரிந்தது. நாளைக்குக் குழாய்த் தண்ணீரைக் கால் பங்காகக் குறைத்துப் பார்த்துவிட்டு, கிரைண்டர் படங்களோடு வருகிறேன்.